மூடி போடாத கிண்ணம்

அன்புள்ள மகனே,

இதுவரை எவனும் நம்பாத, இனிமேலும் எவனும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்கிறேன் என்று ஏகாம்பரநாதர் கோவில் மாமரத்தின் மேல் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். சத்தியம் செய்யும்போதே அந்த மரம் பயந்துபோய் ஒரு கிளையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கும். இந்த மனுசன் நம் தலையில் வைத்த சத்தியத்துக்கெல்லாம் நியாயமாகப் பார்த்தால் நாம் எப்போதோ கரியாகியிருக்க வேண்டும் என்று அது நினைக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். நீ மட்டும் கடைசி வரி வரைக்கும் படி. இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் போடுகிறேன். தனியாக அனுப்பினால் நீ படித்துவிட்டு எனக்காக மறைத்துவிடுவாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. குரூப்பில் போட்டால் அத்தனை பேரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் மூஞ்சியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். மறைப்பதற்கும் சிரிப்பதற்கும் நடுவில் எங்கேயாவது யாராவது ஒருத்தர் படித்தால் போதும்.

வருகிற முகூர்த்தத்தில் உனக்குக் கல்யாணம். பட்டு விளைகிற ஊரில் மாப்பிள்ளையைப் பிடித்த பெண், கடை கடையாக ஏறி இறங்கி நம்மை ஓட்டாண்டியாக்குவாள் என்று நான் தெருவெல்லாம் புலம்பி வைத்திருந்தேன். நிவேதா என் மானத்தை வாங்கிவிட்டாள். புதுசு வேண்டாம், அத்தையோட முகூர்த்தப் புடவையையே கட்டிக்கிறேன் என்றாள். உங்கம்மா தாமலில் தம்பி வீட்டிலிருந்து அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். நீ கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொன்னாய். சுருக்கம் போக ரோல் பிரஸ் மட்டும் போட்டால் போதும், கறை மேல் கை வைக்கக் கூடாது. நீ வாசல்படி இறங்கும்போது திரும்பி இன்னொரு தடவையும் சொன்னாய். நான் கை வைத்துவிட்டேன். மாம்பழ மஞ்சள் உடலுக்குள் அரக்குக் கரையின் சாயம் ஓடிவிட்டது. முந்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி, யாரோ வெற்றிலை மென்று துப்பின மாதிரி இருக்கிறது. அந்தப் புடவை இப்போது என் எதிரில் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். அதில்தான் கதை இருக்கிறது. ஆனால் நான் எதையும் நேராகச் சொன்னதில்லையே, சுற்றித்தான் வருவேன். உனக்குப் பழக்கம்தான்.

ஊருக்கெல்லாம் நான் மாமா. கடைக்காரர்களுக்கு மாமா, ஆட்டோக்காரர்களுக்கு மாமா, என்னைவிடப் பத்து வயசு பெரிய பூக்காரம்மாவுக்கும் மாமா. உங்கம்மாவும் மாமா என்றுதான் கூப்பிட்டாள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீ பிறந்து வாய் திறந்ததும் நாலு பக்கமும் கேட்ட வார்த்தையையே பிடித்துக்கொண்டாய். பெற்ற அப்பனை மாமா என்று கூப்பிடும் பிள்ளை ஈரேழு பதினாலு லோகத்திலும் எனக்குத்தான் வாய்த்தது என்று நான் பெருமை பேசினேன். உங்கம்மா ஒருநாள் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "ஊருக்கு மாமாவா இருக்கறவரு வூட்டுக்கு இன்னாவா இருக்காருன்னு அதுக்கும் புரியல போல" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

தொழிலைப் பற்றி நிவேதா வீட்டார் குரூப்பில் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளின் முதுகுப் பக்கம் இருக்கிற சந்தில் எனக்கு ஓர் அறை. அறை என்பது அடக்கத்துக்காக, அது ஒரு ஆஸ்பத்திரி. தறியிலேயே எண்ணெய் பட்ட புடவை, பந்தியில் நெய் குடித்த புடவை, சம்பந்தியம்மாவின் உதட்டுச் சாயம் ஒட்டின புடவை எல்லாம் அழுதுகொண்டு வரும், சிரித்துக்கொண்டு போகும். கறை எடுப்பதற்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம், அதில் பாதி ஸ்பிரிட், பாதி அசிடோன். கறைக்கு அடியில் வெள்ளை மல் துணியை மடித்து வைத்து, வெளியிலிருந்து உள்ளே பார்த்துத் தேய்க்க வேண்டும். தொடுவதற்கு முன்னால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். சுருக்கென்று குளிர்ந்தால் கலவை சரி, அசிடோன் குறைந்துவிட்டால் அந்தச் சுருக்கு வராது. இந்தத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் ஒரு வழக்கம் உண்டு. கிண்ணத்தைக் காலியாக விடக் கூடாது. குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருப்போம். சாயங்காலம் மிச்சத்தைப் பாட்டிலில் பிடித்து வைத்து, காலையில் அதை விட்டு அதற்கு மேல்தான் புதுசு. வெறும் கிண்ணத்தில் புதுசு ஊற்றினால் தொழில் வெறுங்கிண்ணமாகிவிடும் என்று என் குரு சொன்னார். அவருக்கு அவர் குரு சொல்லியிருப்பார். என் கிண்ணத்தில் பல்லவர் காலத்து அசிடோன் ஒரு சொட்டு இன்னும் இருக்கிறது என்று நான் வாடிக்கைக்காரர்களிடம் சொல்வேன். நம்புகிறவர்களும் இருந்தார்கள்.

இந்த வழக்கத்தின் தலையில்தான் நீ படித்த படிப்பு வந்து உட்கார்ந்தது. உன் காலேஜ் லேபுக்கு என்னை நீ ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனாய். வாத்தியார்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே கையடித்து வாங்கிக்கொண்டாய். அங்கே நீ ஒரு கண்ணாடி யாளியை வளர்த்துக்கொண்டிருந்தாய். வயிற்றில் கொதிக்கிறது, கழுத்து வழியாக ஆவி ஏறுகிறது, தலையில் குளிர்ந்து சொட்டாகி மறுபடியும் வயிற்றுக்கே இறங்குகிறது. சூடு காட்டும் எண் அசையாமல் நிற்கும் வரைக்கும் நீ கைகட்டிக்கொண்டு காத்திருந்தாய். நின்ற பிறகு கீழிருந்து கொஞ்சம், மேலே குளிர்ந்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து, எதில் எது எவ்வளவு என்று அளந்தாய். ஒருநாள் ஒரு ஆல்கஹால், ஒரு கீட்டோன். மறுநாள் அளவு மாற்றி அதே இரண்டு என்றாய். ஆல்கஹால் குடும்பத்துக்கும் கீட்டோன் குடும்பத்துக்கும் சம்பந்தம் பேசுகிறாயா, தரகு எவ்வளவு என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதுதான் நிவேதா என்று பிறகு தெரிந்தது. ஆக உன் கல்யாணத்துக்கு முதல் தரகன் நான்தான், அதையும் குரூப்பில் பதிவு செய்கிறேன்.

ஸ்பிரிட் ஆல்கஹால் குடும்பம், அசிடோன் கீட்டோன் குடும்பம் என்று நீ சொன்னதும் உன்னிடம் என் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். நீ ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாய், பல்வலி வந்தவன் மாதிரி.

"மாமா, கீழ இருக்கற கலவையும் அதுலேர்ந்து எழும்பற ஆவியும் ஒண்ணு இல்ல. கீழ பாதிக்குப் பாதி இருந்தாலும் ஆவியில அசிடோன்தான் அதிகம். லேசானது முதல்ல கெளம்பிடும்."

"கெளம்பட்டும். மிச்சம் இருக்குது இல்ல?"

"மிச்சத்துல ஸ்பிரிட் ஏறிக்கினே போவும். பாக்கறதுக்கு அதே தண்ணி மாதிரிதான் இருக்கும். அதுமேல பாதிக்குப் பாதி புதுசு ஊத்தினாலும் பழைய அளவு வராது. நீ காலையில வெச்சிருக்கறது ஒரு மருந்து, மத்தியானம் வெச்சிருக்கறது வேற மருந்து."

வேற மருந்து என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அசிடோன் தூக்கலாக இருந்தால் எண்ணெயைக் கரைக்கும், பெரும்பாலும் சாயத்தை அசைக்காது. ஸ்பிரிட் தூக்கினால் சில சாயம் கழன்றுவிடும், முக்கியமாக இந்த அரக்கு மாதிரியான சிவப்பு என்றாய். ஒரு மூடி போட்டு வை என்றாய். மூடி போட்டால் ஆவியாகிப் போவது எவ்வளவோ அவ்வளவு திரும்பி வரும், மேலுக்குச் சும்மா இருப்பது போல் தெரியும், உள்ளே போக்குவரத்து நிற்காது, அதற்குப் பெயர்தான் சமநிலை என்றாய். அவ்வளவு அழகாகச் சொன்னாய். நான் உடனே, அப்படியென்றால் காஞ்சிபுரத்துக்கு யாரப்பா மூடி போடுவது, படித்த பிள்ளை எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆவியாகிப் போகிறதே என்றேன். லேபே சிரித்தது. நீயும் சிரித்தாய். மூடி போட வேண்டும் என்பது அந்தச் சிரிப்பில் போய்விட்டது. நான் ஜெயித்த இடமெல்லாம் இப்படித்தான், எது தேவையோ அது போயிருக்கும்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாய். எல்லா ஜோடியும் இப்படிப் பிரிந்து போவதில்லை, அசிடோனையும் மெத்தனாலையும் ஒரு குறிப்பிட்ட அளவில் சேர்த்தால் கீழே என்ன இருக்கிறதோ அதுவேதான் அதே அளவில் ஆவியிலும் வரும், எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் மாறாது, கொதிநிலை மாறாக் கலவை என்று பெயர் என்றாய். அப்படியானால் அதையே என் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். மெத்தனால் கண்ணைக் கெடுத்துவிடும், தொடாதே என்றாய். கண் போனால் கறை தெரியாது, தொழில் இன்னும் நன்றாக நடக்கும் என்றேன். அதற்கும் சிரிப்பு. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருப்பது எதுவோ அதுவே வெளியே வரும் என்று நீ சொன்னபோது எனக்கு உங்கம்மா முகம்தான் வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்பாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. நான் மற்ற ஜாதி. உள்ளே எவ்வளவுதான் கனமாகக் கிடந்தாலும் வாய் வழியாக எழும்புவதெல்லாம் லேசான சரக்கு. கனமானது அடியிலேயே தங்கி, நாளுக்கு நாள் இன்னும் கனத்துப் போகிறது. மேலே மேலே புதுக் கதை ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அதே மாமாதான்.

அந்தக் கறைக்கு வருகிறேன். எங்கள் கல்யாணத்தில் ஓமத்தில் நெய் விடச் சொல்லி ஐயர் என் கையில் கரண்டியைக் கொடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த என் சிநேகிதனுக்கு, மாப்பிள்ளை அழைப்பில் குதிரை என்னைப் பார்த்து வணக்கம் வைத்த கதையைச் சொல்லிக்கொண்டே கையை வீசினேன். அக்கினி பகவானுக்குப் போக வேண்டிய நெய் உங்கம்மா மடியில் போனது. தாமல் ஏரியை மேலிருந்து பார்த்தால் என்ன வடிவமோ அந்த வடிவத்தில் ஒரு கறை. மறுநாளே எடுத்துத் தருகிறேன் என்றேன். புடவையைத் தர மாட்டேன் என்றுவிட்டாள். காஞ்சிபுரத்தில் நான் கை வைக்காத ஒரே பட்டு என் பெண்டாட்டியுடையதுதான். ஏன் தர மாட்டாய் என்று வருஷா வருஷம் கேட்பேன். "எல்லாக் கறையையும் நீங்க கதை சொல்லி எடுத்துடறீங்க மாமா. இது ஒண்ணு இருக்கட்டும். இது நடந்துதுன்னு எனக்கு ஒரு சாட்சி வேணும்" என்பாள். நெய்க்கறையைச் சாட்சி சொல்ல வைத்த ஒரே பெண்பிள்ளை அவள்தான் என்று அதையும் ஒரு கதையாக்கிச் சந்தில் விற்றேன்.

அவள் ஏன் தாமலுக்குப் போனாள் என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், ஏரியில் மீன்கள் தலைவி இல்லாமல் தவிக்கின்றன, ராணியாக அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். நீ ஹாஸ்டலில் இருந்த வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது, நினைவிருக்கும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்ததும் அவள் என் முகத்தையே பார்த்து, இன்னா சொன்னாரு என்று கேட்டாள். இந்தக் கட்டி அறுக்கிற கட்டி இல்லை, அதிர்ஷ்டக் கட்டி, மியூசியத்தில் வைக்கக் கேட்கிறார்கள் என்றேன். நல்லவேளை, அது கெட்ட கட்டி இல்லை என்று பிறகு தெரிந்தது. பிறகுதானே. அதுவரை இருந்த நாளெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு நாளும் ஒரு புது மியூசியம். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகு, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. "பயந்துக்கினு இருந்தப்ப ஒரே ஒரு நேர் வார்த்தை கேட்டேன் மாமா. உங்ககிட்ட ஸ்டாக் இல்ல" என்றாள். பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கமாக நின்று, டிரைவர் என் சிஷ்யன், பறக்க வைப்பான் என்று அதற்கும் ஒரு கதை சொன்னேன்.

அதனால்தான் இந்தப் புடவை என் மேஜைக்கு வந்தபோது எனக்கு வேறு என்னவோ தோன்றிவிட்டது. கறை போன புடவையை மணையில் அவள் பார்ப்பாள், பார்த்ததும் எல்லாம் பழையபடி ஆகும் என்று நினைத்தேன். என் கறையை நானே எடுத்துவிட்டதாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் சாட்சியைத்தான் அழிக்கப் போகிறோம் என்பது, பார், எனக்குத் தோன்றவே இல்லை. எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். உன் பேச்சில் பாதியைக் கேட்டேன். பிழைப்புக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, பல்லவர் காலத்து அசிடோனை வாசலில் கொட்டிவிட்டு, வெறும் கிண்ணத்தில் புதுசாகப் பாதிக்குப் பாதி ஊற்றினேன். புடவையின் உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், அரக்கின் மேல் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். மல் துணியில் ஒரு துளி சிவப்புக்கூட ஒட்டவில்லை. சாயம் மலை மாதிரி நின்றது. அந்த நிமிஷமே தேய்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

அப்போது ஒரு கல்யாண கோஷ்டி உள்ளே நுழைந்தது. ஓரிக்கையிலிருந்து வந்தவர்கள். பெரியவர்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள், அறை நிரம்பிவிட்டது. மேஜைமேல் விரித்திருந்த புடவையைப் பார்த்து, இவ்வளவு பழைய கறையெல்லாம் போகுமா மாமா என்று ஒரு அம்மாள் கேட்டாள். கேட்கலாமா என்னை அப்படி. நிலாவில் இருக்கிற கறையை எடுக்க அமெரிக்காக்காரன் என்னைக் கூப்பிட்ட கதையை எடுத்துவிட்டேன். ராக்கெட்டில் கிண்ணத்தைக் கட்டித் தொங்கவிட்டது, பாதி வழியில் மல் துணி தீர்ந்துபோய் மேகத்தைக் கிழித்து மடித்தது, காமாட்சியம்மன் கோவில் யானை கீழே நின்று தும்பிக்கையால் எனக்கு வழி காட்டியது. ஒரு பக்கம் தேய்த்து முடித்துவிட்டேன், மறுபக்கம் தேய்ப்பதற்குள் அமாவாசை வந்துவிட்டது என்று முடித்தபோது அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணம் திறந்தே இருந்தது. மூடி அலமாரியில் இருந்தது. நீ வாங்கிக் கொடுத்த மூடிதான், இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை.

கதை முடிந்து பார்த்தால் கிண்ணத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கை தானாக, பாதிக்குப் பாதி கலந்து வைத்திருந்த கேனை எடுத்தது, மேலே ஊற்றியது. கை கேட்டுக்கொண்டு செய்வதில்லை. இப்போது எடுக்கிறேன் பாருங்கள் என்று கோஷ்டியிடம் சொன்னேன். முறைப்படி புறங்கையில் ஒரு சொட்டு விட்டேன். இமயமலை இறங்கி வந்து என் கையில் உட்கார்ந்தது போல் குளிர்ந்தது. திருப்தியோடு தேய்த்தேன். அந்தச் சமயத்தில்தான் பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று, உலகம் தோன்றின நாளிலிருந்து வீசாத காற்று, ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து அரக்கை அடித்து மஞ்சளுக்குள் தள்ளியது. சாயம் ஓடியது. துணியை வைத்து ஒற்றினேன், இன்னும் ஓடியது. நெய்க்கறை மட்டும் இருந்த இடத்திலேயே, தாமல் ஏரி மாதிரி, கரை முழுக்கச் சிவந்துபோய்க் கிடக்கிறது. இத்தனை வருஷம் பட்டில் ஊறின நெய் எந்தக் கலவைக்கும் அசையாது என்று எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

கோஷ்டி தன் புடவைகளை வாரிக்கொண்டு எழுந்து போய்விட்டது. நான் உங்கம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்த கையோடு சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை முந்திக்கொள்ளும் என்று மூச்சை இழுத்துக்கொண்டு, புடவையில சாயம் ஓடிடிச்சு, நான்தான் கை வெச்சேன், இனிமே கட்ட முடியாது என்றேன். ஒரு யானை இல்லை, ஒரு நிலா இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன நேர் வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சிரித்தாள். "கல்யாண வூட்லயும் ஆரம்பிச்சிட்டீங்களா மாமா. போதும், போய்ச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். உன் மாமன் எடுத்து, அக்கா பூ கட்டிக்கினு இருக்குது, கதைய சாயங்காலம் சொல்லு மாமா என்றான்.

அதற்கப்புறம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு அப்பனாக ஒரு புத்திமதி சொல்ல வேண்டிய கடிதம் இது, கல்யாணப் பிள்ளைக்கு எழுதுகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது. நிவேதா எதையாவது கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல். சிரிக்க வைப்பது பிறகு. உனக்கு உங்கம்மா வாய் வாய்த்திருக்கிறது, அதனால் பிழைத்துக்கொள்வாய். ஆனால் என்னை மறைத்து மறைத்து நீயும் கொஞ்சம் பழகியிருக்கிறாய். போன தீபாவளிக்கு, மாமா நல்லா இருக்காரு, உன்னைத்தான் கேட்டுக்கினே இருக்காரு என்று அவளிடம் நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் கேட்கவில்லையே அப்பா. மனசுக்குள் கேட்டேன், வாயில் வரவில்லை. எனக்குப் பதிலாக நீ ஏன் ஊற்றி நிரப்புகிறாய். அது பழைய அளவுக்கு வராது என்று எனக்குச் சொன்னவனே நீதான்.

புடவைக்கு வழி ஒன்றும் இல்லை. ஓடின சாயத்தைத் திரும்பக் கூப்பிட இந்த ஊரில் ஆள் கிடையாது, இருந்தால் அது நானாகத்தான் இருந்திருப்பேன். உன் கண்ணாடி யாளியில் ஏறின ஆவியெல்லாம் குளிர்ந்து திரும்பி வருகிறது. அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று இப்போது சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. நிவேதா வேறு புடவை கட்டிக்கொள்வாள், நல்ல பெண், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டம். உங்கம்மா மண்டபத்துக்கு வந்து மணையைப் பார்ப்பாள், மாம்பழ மஞ்சளைத் தேடுவாள், போனில் கேட்டது கதை இல்லை என்று அங்கே, எல்லோர் நடுவிலும், தெரிந்துகொள்வாள். அது மட்டும் நடக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் நீ தாமலுக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து சொல். குரூப்பில் இதைப் படித்தாலும் இன்னொரு கதை என்றுதான் நினைப்பாள், உன் வாயிலிருந்து வந்தால் நம்புவாள். எனக்காக ஒன்றும் சேர்க்காதே, எனக்காக ஒன்றும் குறைக்காதே.

என்ன சொல்வது என்று கேட்பாய். புடவை போனதற்கு என் வாக்கு தேவையில்லை, கையோடு எடுத்துக்கொண்டு போ, அதுவே பேசும். மற்றபடி நிலா பொய், யானை பொய், பாலாற்றுக் காற்று பொய், இன்றைக்கு இலைகூட அசையவில்லை. இமயமலையும் பொய். ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். புறங்கையில் அந்தச் சொட்டை விட்டேன், அது குளிரவில்லை. குளிரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தேய்த்துவிட்டேன்.